இரண்டு பேட்சுக்கு நடுவில்

கிளின்ட் லூக்கனிடம் எந்த வருஷத்து பேட்ச் என்று கேட்டால் அவன் பிறந்த வருஷத்தைச் சொல்வான். "எண்பத்துநாலு" என்பான். கேட்டவர் கொஞ்சம் விழிப்பார். எண்பத்துநாலில் பள்ளியை முடித்தவனுக்கு இந்நேரம் தலை நரைத்திருக்க வேண்டும். எதிரில் நிற்பவனுக்கோ நாற்பதுதான் இருக்கும். அவர் யோசித்து முடிப்பதற்குள் கிளின்ட் பேச்சை வானிலைக்குத் திருப்பியிருப்பான். இருபது வருஷமாக இப்படித்தான். உள்ளூர்க்காரர்கள் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

லிண்டன்பர்க்கில் ஒருவரை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் பிறகுதான். முதலில் பேட்ச். தொண்ணூற்றைந்து பேட்ச் ஸ்டீவ், எழுபத்தெட்டு பேட்ச் கரோல். முடிவெட்டும் கடையின் சுவர் முழுக்க வருஷவாரியாகக் கூடைப்பந்து அணியின் படங்கள். பள்ளியின் ஆட்டக்கூடத்தில் ஊர் ஜனத்தொகையைவிட இருக்கைகள் அதிகம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், தெற்குப் பக்கத்தில், அதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் கிளின்ட் இரண்டாயிரத்து இரண்டு பேட்சில் தொடங்கி இரண்டாயிரத்து மூன்று பேட்சில் முடித்தவன். முதல் கூட்டத்துக்கு அவன் பாதியில் காணாமல் போனவன். இரண்டாவது கூட்டத்துக்கு நடுவில் வந்து சேர்ந்தவன்.

அவன் அம்மா அவனுக்கு ஏழு வயதிருக்கும்போதே இறந்துவிட்டாள். அதன் பிறகு வீட்டில் அவனும் அப்பா லெராயும் மட்டும். லெராய் மர அலமாரித் தொழிற்சாலையில் மதியம் போய் நடுநிசியில் திரும்பும் வேலையில் இருந்தார். மகன் பள்ளியிலிருந்து வரும்போது அப்பா இருக்கமாட்டார். மகன் கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். அடுப்பின் மேல் மூடிவைத்த சட்டியும், அதில் இருக்கும் பீன்ஸும் இறைச்சியும்தான் இருவருக்குமான பேச்சு. சட்டி காலியாக இருந்தால் பையன் நன்றாக இருக்கிறான் என்று லெராய் எடுத்துக்கொள்வார்.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது கிளின்ட் குள்ளம். பந்தைக் கையாளத் தெரியும், கண் கூர்மை, ஆனால் உடம்பு வரவில்லை. அவனோடு சின்ன வயதிலிருந்து ஆடிய டோபி ஹேக்டார்ன் அந்தக் கோடையில் ஒரேயடியாக வளர்ந்து, பெரிய அண்ணன்மார்களின் தோளுக்கு வந்துவிட்டான். லெராய் ஆறடிக்கு மேல். வளர்த்தி வரும், ஆனால் எப்போது வரும் என்பதுதான் தெரியவில்லை. கல்லூரிக்காரர்கள் பையன்களை வயதை வைத்துப் பார்ப்பதில்லை, பள்ளி முடிக்கும் வருஷத்தை வைத்துப் பார்க்கிறார்கள். இந்த வருஷம் முடிப்பவர்களில் யார் உசத்தி, அடுத்த வருஷம் முடிப்பவர்களில் யார் உசத்தி என்றுதான் அவர்கள் கணக்கு. அதனால் வளர்த்தி தாமதமாகும் பையனை ஒரு வருஷம் பின்னால் இழுத்து வைப்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஒரு வயது குறைந்தவர்களோடு ஆடுவான். அதே ஆட்டம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

விவரம் தெரிந்தவர்கள் இதை எட்டாம் வகுப்பிலேயே செய்துவிடுவார்கள். ஏனென்றால் ஒன்பதாம் வகுப்பில் காலெடுத்து வைத்த நாளிலேயே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அதிலிருந்து எட்டு அரையாண்டுகள்தான் பள்ளிக்காக ஆடலாம். நடுவில் நின்றாலும், வீட்டில் உட்கார்ந்தாலும், அதே வகுப்பைத் திரும்பப் படித்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது.

கிளின்டுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, கோடைக்கால அணியில் கூட ஆடிய எவன்ஸ்வில் நகரத்துப் பையன் ஒருவன் பேருந்தில் சொன்னது மட்டும். முதல் மதிப்பெண் அட்டை வருவதற்குள் பள்ளியிலிருந்து விலகிவிட்டால் சேரவே இல்லை என்று அர்த்தம். அடுத்த வருஷம் புதுசாக ஒன்பதாவது சேரலாம். அந்தப் பையன் இதை அடித்துச் சொன்னான். பதினான்கு வயதில், அதுவும் கேட்க ஆசைப்பட்டதை ஒருவன் அடித்துச் சொன்னால் அது சட்டம்தான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவிடம் பேசினான். ஊரில் எல்லோரும் நினைப்பதுபோல அது லெராயின் யோசனை அல்ல. கிளின்ட்தான் கேட்டான். கேட்டது மட்டுமில்லை, இரண்டு வாரம் விடாமல் நச்சரித்தான். லெராய்க்கு மனசில்லை. அவரே பத்தாம் வகுப்போடு நின்றவர். பள்ளிக்கூடத்தை விட்டு ஒருவன் தானாக வெளியே வருவதை அவரால் நல்ல காரியமாக நினைக்க முடியவில்லை.

"ஷ்னெல் சார்கிட்ட கேட்டியா?" என்றார். ஷ்னெல் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர்.

"கேட்டேன்ப்பா."

"என்ன சொன்னாரு?"

"இப்பவே வெலகிட்டா ஒண்ணும் பிரச்சனை இல்லன்னாரு."

கிளின்ட் ஷ்னெலிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். அதைப் பொய் என்று அப்போது அவன் நினைக்கவும் இல்லை. பேருந்தில் கேட்ட உண்மையைக் கொஞ்சம் பெரிய மனிதர் வாயில் வைத்துச் சொன்னதாகத்தான் நினைத்தான். லெராய் நேரில் போய் விசாரித்திருக்கலாம். ஆனால் பள்ளி அலுவலகத்துக்குள் நுழைந்தாலே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதர் அவர். பையன் கேட்டுவிட்டான் என்றதும் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வீட்டில் இருந்தான். வீட்டிலிருந்தே படிப்பதாகப் பெயர். அப்பா தூங்கும் காலை நேரங்களில் வீட்டு முற்றத்தில் பந்து தட்ட முடியாது. அதனால் தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போவான். அங்கே துருப்பிடித்த வளையம் ஒன்று உண்டு. கையுறையின் விரல்களை வெட்டிவிட்டு ஆடுவான். பந்து குளிரில் கல்லாகிவிடும், துள்ளாது. பள்ளிப் பேருந்து அந்த வழியாகப் போகும்போது டோபி ஜன்னலைத் தட்டிக் கையசைப்பான். கிறிஸ்துமஸுக்குப் பிறகு டோபி பேருந்தின் மறுபக்கத்தில் உட்கார ஆரம்பித்தான், அந்தப் பக்கம்தான் அவனுடைய புது நண்பர்கள். கிளின்ட் மட்டும் பேருந்து வரும் சத்தம் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்குவதுபோல நிற்பான். சில நாள் ஓட்டுநர் கையசைப்பார்.

யோசனை பலித்தது. அதுதான் கொடுமை. அடுத்த வருஷம் திரும்ப ஒன்பதாவது சேர்ந்தான்; எலும்பெல்லாம் வலிக்க வலிக்க வளர்ந்தான். பதினோராம் வகுப்பில் அப்பாவைத் தாண்டிவிட்டான். டோபி அப்போது பன்னிரண்டாவது. இருவரும் ஒரே அணியில், ஆனால் வேறு வேறு மேஜையில் சாப்பிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் லிண்டன்பர்க் தோற்றது மூன்றே ஆட்டம். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் நான்கு மணிநேரம் வண்டி ஓட்டி வந்து, கையில் பாப்கார்னோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு லெராயின் கையைக் குலுக்கி, இன்னும் ஒரு வருஷம் ஆடட்டும், தோளில் கொஞ்சம் சதை ஏறட்டும், அவனுக்கு எங்களிடம் இடம் இருக்கிறது என்றார். லெராய் அந்த வாரம் தொழிற்சாலையில் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே மரத்தை அறுத்தாராம்.

அந்த இன்னும் ஒரு வருஷம்தான் இல்லாமல் போனது.

அடுத்த அக்டோபரில், பயிற்சி தொடங்கும் முன்பு, பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று புகார் கொடுத்தது. ஷ்னெல் பழைய வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தார். முதல் தடவை ஒன்பதாம் வகுப்பில் இருந்த அந்தச் சில வாரங்கள் அங்கே இருந்தன. மதிப்பெண் அட்டை வந்ததா இல்லையா என்பது யாருக்கும் முக்கியமில்லை. எட்டு அரையாண்டும் போன ஜூனிலேயே முடிந்துவிட்டது. கிளின்டுக்குப் படிக்க ஒரு வருஷம் மிச்சம் இருந்தது, ஆட ஒரு நாளும் இல்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்றார் பாட்டன் என்ற பள்ளி அணியின் பயிற்சியாளர். அவர் லெராயையும் கிளின்டையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார்: மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்காரர்கள் எளிதில் இறங்கிவர மாட்டார்கள், ஆனால் பள்ளியில் யாராவது தப்பான யோசனை சொல்லி, அதை நம்பித்தான் குடும்பம் முடிவெடுத்தது என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். அதற்கு மட்டும்தான் வழி இருக்கிறது.

லெராயின் முகம் தெளிந்தது. "அப்பிடின்னா சரிதான். ஷ்னெல் சார் சொல்லித்தானே பண்ணோம்" என்றார்.

கிளின்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் லெராய் வேலைக்குப் போகும் வழியில் பள்ளியில் இறங்கி ஷ்னெலைப் பார்த்தார். அவர் என்ன கேட்டார், ஷ்னெல் என்ன சொன்னார் என்று கிளின்டுக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் அடுத்த நாள் இண்டியானாபொலிஸுக்கு மூன்று மணிநேரம் வண்டியில் போகும்போது அப்பா வானொலியைப் போடவில்லை.

நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணி அன்பாகத்தான் பேசினாள். கேள்வியையே ஒரு கதவுபோலத் திறந்து வைத்துக் கேட்டாள்.

"மிஸ்டர் லூக்கன், பையனை நிறுத்தலாம்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? பள்ளிக்கூடத்துல யாராவது?"

லெராயின் தொப்பி அவர் மடியில் இருந்தது. ஒருமுறை மகனைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம் என்று கிளின்ட் பிற்பாடு பல வருஷம் நினைத்திருக்கிறான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவன் முகத்தில் எதையோ சரிபார்த்துக்கொள்வதுபோல இருந்தது. சரிபார்த்து முடிந்ததும் அவர் திரும்பிக்கொண்டார்.

"இல்லம்மா. யாரையும் கேக்கல. நானா முடிவு பண்ணேன். பையனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

அந்தப் பெண்மணி கிளின்டைப் பார்த்தாள். "நீ ஏதாவது சொல்லணுமா தம்பி?"

உண்மையைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஆட்டம் போனது போனதுதான். ஷ்னெல்மீது பழி போட்டால்தான் வழி இருந்தது. அந்த வழியை அப்பா அடைத்துவிட்டார். ஆனாலும் "நான்தான் கேட்டேன், நான்தான் பொய் சொன்னேன்" என்ற வார்த்தைகள் அவனுடையவை. அவற்றை அவன் அங்கே வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆட்டம் கிடைக்காது, அப்பாவின் பெயராவது மிஞ்சியிருக்கும்.

"இல்ல மேடம்" என்றான்.

திரும்பும் வழியில் ஒரு சாலையோரக் கடையில் நிறுத்தினார்கள். பன்றி இறைச்சி சாண்ட்விச் தட்டைவிடப் பெரிதாக வந்தது. லெராய் ஊறுகாய்த் துண்டுகளை எடுத்து மகனின் தட்டில் வைத்தார். அவனுக்கு அது பிடிக்கும். "சாப்பிடு, ஆறிடும்" என்றார். அந்த நாளைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான், அன்றைக்கும், அதற்குப் பிறகும்.

அந்த வருஷம் கிளின்ட் எல்லா ஆட்டத்துக்கும் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு அணியின் இருக்கையில் உட்கார்ந்தான். பயிற்சியில் எதிரணியாக நின்று தன் இடத்தில் ஆடப்போகும் பையனை இடித்து இடித்துத் தயார்செய்தான். கல்லூரிப் பயிற்சியாளர் டிசம்பர்வரை தொலைபேசியில் கூப்பிட்டார். பிறகு அவருடைய உதவியாளர் கூப்பிட்டார். பிறகு யாரும் இல்லை. ஒரு சின்ன இரண்டு வருஷக் கல்லூரி அவனை எடுத்துக்கொண்டது. அங்கே அறைத்தோழன் வார இறுதியில் வீட்டுக்குப் போய்விடுவான். சாப்பாட்டுக் கூடத்தில் அவன் தட்டோடு நின்று எந்த மேஜை என்று தேடிக்கொண்டே இருந்தான். முதல் குளிர்கால விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. வீடுகளின் கொல்லைப்புறத்தில் நிற்கும் கேஸ் தொட்டிகளை நிரப்பும் லாரியில் வேலை கிடைத்தது. தனியாக ஓட்டும் வண்டி. அது அவனுக்குச் சரியாக இருந்தது.

பழி முழுக்க லெராய் தலையில் விழுந்தது. ஊர் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை; செல்லமாகவே செய்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் காலையில் காபிக் கடைக்குப் போவார். நாற்காலியை இழுத்துப் போடும்போதே யாராவது ஒருவர் தொடங்குவார்.

"என்னப்பா லெராய், மணி என்ன? ஓ, உன்கிட்டப் போய் கேட்டேன் பாரு."

"அவன் கடிகாரம் ஒரு வருஷம் ஸ்லோவாச்சே."

லெராயும் சேர்ந்து சிரிப்பார். கிளின்ட் சில நாள் காபி வாங்க உள்ளே வருவான். அவனைப் பார்த்ததும் மேஜையில் சத்தம் அடங்கிவிடும், அவன் மனம் புண்படக் கூடாதே என்று. அவனுக்காகத்தான் அந்த மரியாதை. ஒருவன் அவன் தோளைத் தட்டி, "ஒன் தப்பு ஒண்ணும் இல்லடா தம்பி" என்பான். அப்பா காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். கிளின்ட் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுவான்.

பத்தாவது வருஷக் கூடுகைக்கு இரண்டு பேட்சும் அழைத்தன. முதல் பேட்சுக்குப் போனான். டோபி கட்டிப்பிடித்துக்கொண்டான், உண்மையான அன்போடுதான். ஆனால் எல்லோரும் சிரித்துச் சொன்ன கதைகள் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நடந்தவை. அடுத்த வருஷம் இரண்டாவது பேட்சுக்கும் போனான். அவர்கள் பாலர் வகுப்பு ஆசிரியை ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளின்டுக்கு வேறு ஆசிரியை. அவன் பானங்கள் வைத்திருந்த மேஜைக்கருகே நின்று, கேட்பவர்களுக்கு ஐஸ் எடுத்துக் கொடுத்தான். இருபதாவது வருஷக் கூடுகைகளுக்கு அவன் போகவில்லை.

லெராயின் இதயம் பலவீனமானபோது கிளின்ட் தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவோடு வந்து இருந்தான். இரண்டு ஆண்கள், ஒரு தொலைக்காட்சி. மார்ச் மாதத்தில் ஒரு மாலை கல்லூரி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் வருஷப் பையன் ஒருவன் அபாரமாக ஆடினான். வர்ணனையாளர், இவன் பள்ளியில் ஒரு வருஷம் பின்னால் தள்ளிப் போட்டவன், அதனால்தான் இந்த முதிர்ச்சி என்றார்.

"அப்பா" என்றான் கிளின்ட். "அந்த இண்டியானாபொலிஸ்ல அன்னிக்கு..."

"சூப் ஆறுது பாரு" என்றார் லெராய். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னார். கிளின்ட் எழுந்து போய்ச் சூப்பைக் கொண்டுவந்தான். அப்பா அவனைக் காப்பாற்றினாரா, இல்லை கேட்கும் தெம்பு அவருக்கு இல்லையா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவனும் அந்தச் சூப்பைச் சாக்காக எடுத்துக்கொண்டான் என்பது மட்டும் தெரியும். ஏப்ரலில் லெராய் இறந்தார்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஷ்னெல் ஊன்றுகோலோடு வந்திருந்தார். அவர் கிளின்டை ஒரு ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார், விசாரணைக்கு முந்தின நாள் லெராய் தன்னிடம் வந்து, நீங்கள் என் பையனுக்குச் சொன்னதை அங்கே வந்து சொல்வீர்களா என்று கேட்டாராம். யாரும் என்னைக் கேட்கவே இல்லையே என்று தான் சொன்னதும், கொஞ்ச நேரம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

"எழுந்து போகும்போது, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்னு சொன்னாரு. நானும் விட்டுட்டேன்" என்றார் ஷ்னெல். கிழவர் குற்றம் சாட்டவில்லை. கிளின்ட் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். பின்னால் காபிக் கடை மேஜைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்தது. லெராய் போல் நல்ல மனுஷன் கிடையாது, பையன் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுவிட்டான், பாவம். அத்தனை பேரும் அங்கே ஒரே அறையில் இருந்தார்கள். அவன் எழுந்து நின்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவன் தட்டுகளை அடுக்கத் தொடங்கினான்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன செப்டம்பரில், ஊருக்கு வடக்கே ஒரு புது வீட்டில் கேஸ் நிரப்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரன் வெளியே வந்தான். அலெக் பிரான்ட் என்று பெயர். இந்த ஊருக்கு வந்து நாலைந்து வருஷம்தான் இருக்கும். அவன் மகன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், நல்ல ஆட்டக்காரன், ஆனால் உடம்பு வரவில்லை. ஒரு வருஷம் நிறுத்தலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான்.

"ஊர்ல எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. என்ன வேணா பண்ணு, லெராய் மாதிரி மட்டும் பண்ணிடாதேன்னு" என்றான். சொன்ன பிறகுதான் கிளின்டின் சட்டையில் இருந்த பெயர் அவன் கண்ணில் பட்டது. "அடடா. மன்னிச்சுக்கங்க. அவர் உங்க..."

"அப்பா."

அலெக் முகம் சிவந்து நின்றான். கிளின்ட் கோபப்படவில்லை. அளவுமானியைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினான். ஒன்பதாவது தொடங்கிவிட்டது, இனிமேல் நிறுத்தாதீர்கள். செய்வதென்றால் எட்டாவதிலேயே செய்திருக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும், உங்கள் பையனே வந்து விசாரித்துவிட்டேன் என்று சொன்னாலும், நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள். பையன் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இதை அவன் இரண்டு தடவை சொன்னான்.

அலெக் தலையாட்டினான். அவன் குரலில் பரிவு இருந்தது. "அவரும் அன்னிக்கு ஒரு வார்த்தை போய்க் கேட்டிருந்தார்னா உங்களுக்கு இப்பிடி ஆகியிருக்காதுல்ல."

தொட்டி நிரம்பும் சீறல் நின்றுவிட்டிருந்தது. தோட்டத்தில் வேறு சத்தம் இல்லை. சொல்ல வேண்டிய அந்த வாக்கியம் அவன் வாய்வரை வந்தது. யார் கேட்டது, யார் பொய் சொன்னது, யார் அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது. கேட்பவன் வேற்றூர்க்காரன், நல்லவன், சொன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும்.

"ஆமா" என்றான் கிளின்ட். "கேட்டிருக்கலாம்."

ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினான். அன்றைக்கு இன்னும் ஆறு வீடுகள் பாக்கி இருந்தன.